போட்டோ பக்கம்

காலை மணி பத்து ஐம்பது ஆகிவிட்டால் மூணாங்கிளாஸ் டீச்சருக்குக் கழுத்தில் கத்தி வைத்த மாதிரிதான். பதினொன்றுக்குள் மூன்று போட்டோ போயாக வேண்டும். பிள்ளைகள் சிரிக்கிற போட்டோ ஒன்று, ஏதோ செய்கிற போட்டோ ஒன்று, படிக்கிற போட்டோ ஒன்று. மூன்றும் நெட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துப் பேஜில் ஏறினால்தான் அன்றைக்கு அந்த வகுப்பில் பாடம் நடந்ததாக அர்த்தம். நிஜமாகவே நடந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது வேறு விஷயம்.

இருபத்து மூன்று வருஷமாக எட்டு வயசுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறவள் அவள். போர்டில் எழுதிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணாவது பெஞ்சு, அந்த ரப்பர வாயிலேர்ந்து எடு" என்பாள். ரப்பர் வாயில்தான் இருக்கும். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது, எதன் வீட்டில் சண்டை, எது கண்ணாடி போடாமலே காலத்தை ஓட்டுகிறது, எல்லாம் ஒன்பதரைக்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவளை ஒரு போன் வந்து படாதபாடு படுத்தியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய மேடம், அதாவது தலைமையாசிரியை, எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்த கையோடு பேஜ் ஆரம்பித்தார். அதற்கு முன்னால் நல்ல மனுஷிதான், கணக்குப் பாடத்தில் புலி. பேஜ் வந்த பிறகு திங்கட்கிழமை கூட்டத்தில் எந்த வகுப்புக்கு எத்தனை லைக் என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். "ரெண்டாங்கிளாஸ் முந்நூறு. மூணாங்கிளாஸ் வெறும் எழுபது. ஏன் டீச்சர், உங்க வகுப்புல பசங்க சிரிக்கவே மாட்டாங்களா?"

"பெருக்கல் வாய்ப்பாடு நடத்தறேன் மேடம். அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"சிரிச்சிக்கிட்டே நடத்துங்க."

என்னத்தைச் சொல்ல! வீட்டுக்கு வந்து புலம்பினால் அங்கே அதைவிட மோசம். அவள் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். கையெல்லாம் கிரீஸோடு அவள் போனை வாங்கி, பேஜில் இருக்கிற எல்லாப் போட்டோவுக்கும் லைக் போட்டுவிட்டு, "எழுபத்தொண்ணு" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். அதில் ஒரு குசும்புச் சிரிப்பு வேறு.

பிள்ளைகள் லேசுப்பட்டதுகளா? ஒரே மாசத்தில் பழகிக்கொண்டதுகள். டீச்சர் கையில் போன் ஏறினால் போதும், நாற்பது கையும் மேலே போய்விடும். "கேள்வியே இன்னும் கேக்கலயேடா!" என்று கத்தினாலும் கை இறங்காது. போன் மேசைக்குப் போன பிறகு அதே கேள்வியைக் கேட்டால் ஆறு கை நிற்கும். பாக்கி முப்பத்து நான்கும் ஜன்னலைப் பார்க்கும்.

படிக்கிற போட்டோவுக்கு என்றே ஒரு பக்கம் உண்டு. பாடப் புத்தகத்தில் பதினாலாம் பக்கம். பெரிய கப்பல் படம், நீலக் கடல், கீழே நான்கே வரி. போனில் பார்க்க எடுப்பாக இருக்கும். பதினைந்தாம் பக்கத்தில் படம் கிடையாது, வரி வரியாக எழுத்து, பார்த்தாலே கண் கட்டும். அதனால் தினமும் பதினாலு. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே கண்டுபிடித்த வழி. ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்ததா, பாடத்துக்குப் போகலாம் என்ற அவசரம்தான். இரண்டு மாசத்தில் மொத்த வகுப்புக்கும் அந்த நான்கு வரி தலைகீழ்ப் பாடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். போட்டோ பக்கம்.

இனிமேல்தான் வாயாடி வருகிறாள்.

வாயாடி நான்காவது பெஞ்சு. ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளின் ஒரே மகள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். நேற்று தெருவில் பார்த்த நாய் இன்றைக்கு அவள் வாயில் குதிரையாகி, நாளைக்குள் பறக்கவும் செய்யும். இவ்வளவு பேசுகிற பிள்ளைக்குப் படிக்க வராது என்று யாருக்குத் தோன்றும்? டீச்சருக்கே ஒரு மாசம் கழித்துத்தான் பிடிபட்டது. படத்தைப் பார்த்து, முதல் எழுத்தைப் பார்த்து, பாக்கியை இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்தைக் கூட்டத் தெரியாது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், படிக்கத் திணறுகிற பிள்ளைகளை மட்டும் டீச்சர் தனியாக உட்காரவைப்பாள். ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் தேறிவிட்டார்கள். வாயாடி மட்டும் பாக்கி. வருஷம் முடிய மூன்று மாசம் இருந்தது. நாலாங்கிளாஸ் போய்விட்டால் ஐந்து புத்தகம், அங்கே உட்கார்ந்து எழுத்துக்கூட்டச் சொல்லித்தர எவருக்கும் நேரம் இருக்காது. இந்த மூன்று மாசத்தில் பிடித்தால் உண்டு. விட்டால் அந்தப் பிள்ளை வாயை வைத்தே ஒவ்வொரு வகுப்பையும் சமாளித்து, ஒருநாள் பள்ளிக்கூடத்தையே விட்டு நின்றுவிடும். டீச்சர் அப்படி நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறாள்.

அப்படிப்பட்ட பிள்ளையைப் பிடித்து அவளே வீடியோ எடுத்தாள் என்றால் நம்புவீர்களா? எடுத்தாள்.

அன்றைக்குப் பத்து ஐம்பத்தேழு. நன்றாகப் படிக்கிற பிள்ளை காய்ச்சலில் லீவு. பெரிய மேடம் ஏற்கனவே இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். "இன்னிக்கு வீடியோ வேணும் டீச்சர், போட்டோ போதாது." டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது வாயாடி எழுந்தாள். "நான் படிக்கிறேன் டீச்சர்!" புத்தகத்தைத் தூக்கி, பதினாலாம் பக்கத்தைப் பிரித்து, ஏற்ற இறக்கத்தோடு, காற்று அடிக்கிற இடத்தில் கையைக்கூட ஆட்டி, அந்த நான்கு வரியையும் சொன்னாள். ஒரு எழுத்துகூட அவள் பார்க்கவில்லை. டீச்சருக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், 'எங்கள் வகுப்பின் குட்டி வாசகி' என்று எழுதி பேஜில் ஏற்றிவிட்டு, அப்பாடா என்று சாக்பீஸைக் கையில் எடுத்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு லைக்.

திங்கட்கிழமை கூட்டத்தில் பெரிய மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அந்தப் பொண்ணு என்னமா படிக்கிறா! அவதானே உங்க மத்தியான வகுப்புல கடைசி ஆளு? அப்போ அந்த அரை மணி நேரம் இனிமே வேணாம். அதுல வீடியோ எடுங்க."

டீச்சர் எழுந்துவிட்டாள். "மேடம், அவளுக்கு இன்னும் படிக்க வரல. அது மனப்பாடம்."

"அப்போ பேஜ்ல போட்டது பொய்யா?"

டீச்சர் ஆமாம் என்றாலும் மாட்டிக்கொள்வாள், இல்லை என்றாலும் மாட்டிக்கொள்வாள்.

"நானூறு பேரு பாத்து பாராட்டின பொண்ணு. அவளுக்குத் தனி வகுப்பு வெச்சா அவங்க வீட்டுல சண்டைக்கு வரமாட்டாங்களா? அவங்க அம்மா எழுதிக் கேட்டா பாக்கலாம்."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "ஊருக்கே படிக்கிறான்னு காட்டினது நீதானே? இப்ப நீயே போய் இல்லன்னா யாரு நம்புவா?"

"தெரியாமலா உங்ககிட்ட வந்து அழறேன்?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு உட்கார்ந்து, அந்த அம்மா கேட்கிற மாதிரி ஒரு கடிதத்தை அவளே எழுதினாள்.

மறுநாள் நாலரை மணிக்குச் சலவைக்கூடம். உள்ளே நுழைந்ததுமே வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. தரையெல்லாம் ஈரம். நான்கு அடி வைப்பதற்குள் வழுக்கி, செருப்பு வார் பட்டென்று அறுந்து, மலைபோல் கிடந்த ஆஸ்பத்திரி விரிப்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயாடியின் அம்மா இஸ்திரியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ டீச்சர்! நீங்களா! இங்க இந்த மாதிரி செருப்பு ஆகாது டீச்சர்." அலமாரியிலிருந்து தன் நீலச் செருப்பை எடுத்துப் போட்டாள். "இதப் போட்டுக்கோங்க. எனக்கு இன்னொண்ணு இருக்கு."

வாயாடி ஒரு மூலையில் மடித்த துணிக்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டால் அம்மாவின் ஷிப்ட் முடிகிறவரை அவளுக்கு அதுதான் இடம். டீச்சரைப் பார்த்ததும் அந்த வாய் அடைத்துப்போனது.

அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. டீச்சர் தேடி வந்திருக்கிறார் என்றால் பாராட்டத்தான் வந்திருப்பார் என்றே நினைத்துவிட்டாள். ஆவி படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனை எடுத்தாள். "இங்க எல்லாருக்கும் காட்டிட்டேன் டீச்சர். சூப்பர்வைசருக்குக்கூட. எனக்குப் பேரு எழுத மட்டும்தான் தெரியும். என் பொண்ணு பாருங்க, எப்படி படிக்கிறா! கீழ வேற எவ்வளவு பேரு என்னென்னமோ எழுதியிருக்காங்க. தெனம் வீட்டுக்குப் போனதும் இவள படிக்கச் சொல்லிக் கேப்பேன். ஏய், டீச்சருக்குப் படிச்சுக் காட்டுடி."

வாயாடி எழுந்து வந்தாள். டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். போனை வாங்கி முதல் வரியில் விரல் வைத்தாள்.

"'இந்தப் பொண்ணப் பெத்த அம்மா ரொம்ப நல்லவங்க.'"

டீச்சர் எட்டிப் பார்த்தாள். 'புது அட்மிஷன் எப்போ ஆரம்பிக்கும்?' என்று இருந்தது.

விரல் அடுத்த வரிக்குப் போனது. "'இவ்வளவு துணிய இஸ்திரி போட்டுட்டு, பொண்ணையும் எப்படித்தான் படிக்க வெக்கிறாங்களோ.'"

'வேன் எங்க ஏரியாவுக்கு வருமா?' என்று இருந்தது.

"நான் இஸ்திரி போடறது அவங்களுக்கு எப்படிடி தெரியும்னு கேட்டேன் டீச்சர்," என்றாள் அம்மா பூரிப்போடு. "நெட்டுல எல்லாம் தெரிஞ்சிடுமாமே!"

"இது கட்டை விரல்," என்றாள் வாயாடி மூன்றாவதைக் காட்டி. அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தன் மேலேயே பொத்துக்கொண்டு கோபம் வந்தது. இந்தப் பொம்பளை தினமும் சந்தோஷப்பட்டுக் கேட்கிற பொய்யைத் தொடங்கிவைத்தது யார்? இந்தப் பிள்ளையா?

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. உங்க பொண்ணுக்கு இன்னும் படிக்க வரல. வீடியோல சொன்னது மனப்பாடம். அது தெரிஞ்சேதான் நான் எடுத்துப் போட்டேன். தப்பு என்னோடது."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "என்ன டீச்சர் சொல்றீங்க? என் கண்ணால பாத்தேன். நானூத்தி சொச்சம் பேரு பாத்திருக்காங்க. ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

"ஒருத்தருக்கும் தெரியலம்மா."

அம்மா நம்பவில்லை. மகளின் பையிலிருந்து புத்தகத்தை உருவி, கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். "படிடி."

வாயாடி பக்கத்தைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, இது போட்டோ பக்கம் இல்லம்மா."

அம்மா புத்தகத்தை மூடினாள். பிறகு போனைத் துடைத்து டீச்சரிடம் நீட்டினாள். "அப்போ கீழ இருக்கறது? நீங்க சொல்லுங்க டீச்சர். நெஜமா என்ன எழுதியிருக்கு?"

ஒரு நொடி, பிள்ளை சொன்னதையே சொல்லிவிடலாமா என்று டீச்சருக்குத் தோன்றியது. எவ்வளவு சுலபம்! ஆனால் சுலபமான வழியால் வந்த வினைதானே இவ்வளவும். படித்தாள். அட்மிஷன். வேன். யூனிபார்ம் எங்கே தைக்கிறார்கள். கட்டை விரல்.

"என்னப் பத்தி ஒண்ணுமே இல்லையா?"

"இல்லம்மா."

"இவளுக்குப் படிக்க வராதுன்னு தெரிஞ்சும் ஊர் பூரா காட்டினீங்களா டீச்சர்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று டீச்சருக்கு இருந்தது.

"ஆமாம்மா."

கடிதத்தை நீட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அம்மா தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு நான் யார நம்பறது? உங்களையா, இவளையா?"

சுருக்கென்று தைத்தது. டீச்சர் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினாள். அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இஸ்திரி மேசையில் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

பெரிய மேடம் கடிதத்தைப் பார்த்து வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். "சரி. அந்த அரை மணியையும் டெய்லி ஒரு போட்டோ எடுத்துடுங்க."

"எடுக்கமாட்டேன் மேடம்." டீச்சர் தன் போனை அவர் மேசையில் வைத்தாள். "தெனம் அந்த நேரத்துக்கு இது இங்கதான் இருக்கும். நீங்களே பாத்துக்கோங்க."

முதல் நாளே அது அரை மணி நேரத்தில் முப்பது தடவை டிங் டிங் என்று அடித்ததாம். மூன்றாவது நாள் பெரிய மேடமே அதை எடுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டிவைத்தார்.

டீச்சர் பதினாலாம் பக்கத்தின்மேல் ஒரு தாளை வைத்துக் கிளிப் போட்டுவிட்டாள். பதினைந்தில் ஆரம்பம். அப்பப்பா, அந்தப் பிள்ளையோடு பட்ட பாடு! 'மரம்' என்று இருந்தால் 'மருந்துக்கடை' என்று தொடங்கி அந்தக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணம்வரை போய்விடுவாள். "உன் கதைய யாருடி கேட்டா? அங்க என்ன இருக்கோ அத மட்டும் சொல்லு!" டீச்சருக்குத் தொண்டை கட்டியது. ஒருநாள் இரண்டு பேருமே கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஆறாவது வாரம், டீச்சர் கரும்பலகையின் ஓரத்தில் அவசரமாக எழுதிவைத்த 'நாளை லீவு' என்பதை, யாரும் கேட்காமலே, எழுத்துக்கூட்டி முதலில் கத்தியது வாயாடிதான்.

அந்த நீலச் செருப்பு மட்டும் டீச்சர் வீட்டுப் பின்வாசலிலேயே கிடந்தது. திருப்பிக் கொடுக்கப் போக முகமில்லை. தினமும் கண்ணில் பட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சாயங்காலம், மறுநாள் போட்டோவுக்கு என்ன எழுதுவது என்று போனைத் தடவிக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய வீடியோ கண்ணில் பட்டது. கமெண்டுகளைப் பார்த்தாள். அட்மிஷன், வேன், யூனிபார்ம். பற்றிக்கொண்டு வந்தது. கீழே டப்டப்பென்று ஒரு வரி அடித்தாள்.

'உங்க நீலச் செருப்பு என்கிட்டதான் இருக்கு. நீங்க ரொம்ப நல்லவங்க.'

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நீ போட்ட வீடியோவுக்கு நீயே கமெண்டா? அதுவும் செருப்பப் பத்தி?"

"ஆமா. போய் உங்க மோட்டாரப் பாருங்க."

இரண்டு நாள் கழித்து, காலை பத்து ஐம்பது. மூன்று போட்டோவில் ஒன்றுகூட எடுக்கவில்லை. வகுப்பு வாசலில் வாயாடியின் அம்மா நின்றாள். ஒரு கையில் போன். மறு கையில் வாயாடி. பிள்ளையின் முகமெல்லாம் கண்ணீர், ஆனால் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

"டீச்சர், இவ மறுபடியும் ஆரம்பிச்சுட்டா!" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நான் கேக்கறதையே விட்டுட்டேன். நேத்து இவளா போன எடுத்து, உன்னப் பத்தி எழுதியிருக்கும்மாங்கறா. அன்னிக்கு என் இஸ்திரிய வெச்சுக் கத கட்டினா, இப்ப செருப்பாம்! நீலச் செருப்பாம்! நெட்டுல எவனாவது செருப்பப் பத்தி எழுதுவானா? நல்லா திட்டிட்டேன். ராத்திரி சாப்பிடவே மாட்டேன்னுட்டா. நீங்களே கேளுங்க."

"நான் படிச்சேன்!" என்று வாயாடி கத்தினாள். "எழுத்துக்கூட்டிப் படிச்சேன்! இவங்க நம்பவே மாட்டேங்கறாங்க!"

போனை வாங்கிப் பார்க்கவேண்டிய அவசியம்கூட டீச்சருக்கு இல்லை.

"சரியாதாம்மா படிச்சிருக்கா."

அம்மா டீச்சரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் போனைத் தூக்கி மகள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இன்னொரு தடவ படி."

வகுப்பில் ஒருவர் கையில் போன் உயர்ந்துவிட்டதல்லவா, சடசடவென்று முப்பத்தொன்பது கைகள் மேலே போயின.

"கையக் கீழ போடுங்கடா! யாரும் போட்டோ எடுக்கல!" என்றாள் டீச்சர்.

வாயாடி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். திரையில் விரலை வைத்தாள். அம்மாவின் கண் அந்த விரலை விட்டு நகரவில்லை.

"உங்... க. நீ... ல... ச். செ... ருப்... பு." மூச்சு விட்டுக்கொண்டாள். "என்... கிட்... ட... தான். இருக்... கு." ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கை ஆட்டவும் இல்லை. கடைசி மூன்று சொல்லுக்கு அரை நிமிஷம் ஆனது. படித்து முடித்துவிட்டு, "அவ்வளவுதான் போட்டிருக்கு," என்றாள்.

மேசையின்மேல் டீச்சரின் போன் அடித்தது. பெரிய மேடம். யாரும் எடுக்கவில்லை.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"செருப்ப நீங்களே வெச்சுக்கோங்க டீச்சர்."